கைதட்டலுக்கு இரண்டு கோடு

அத்தியாயம் 17

முதலில் ஒரு நல்ல செய்தி. மாடிப்படிக் கதவை அண்ணி பூட்டவில்லை. சாத்தி வைத்ததோடு சரி. போன வாரம் அவள் பூட்டும் கையுமாகப் படியிறங்கியதைப் பார்த்துப் பதறியவர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். கொஞ்சம்தான்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரே வீடு, இரண்டு தளம். மேலே அண்ணனும் அண்ணியும், கீழே தங்கையும் அவள் கணவரும். அண்ணனைக் கட்சிக்காரர்கள் பேனா என்பார்கள். ஆளுங்கட்சிப் பத்திரிகையில் துணை ஆசிரியர். எழுத உட்கார்ந்தால் எதிரி கூட மறுபடி படிப்பான். பேச எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தங்கையின் கணவருக்கு வெண்கலம் என்று பெயர். குரல் அப்படி. மைக்கை நம்பிப் பிறந்தவர் இல்லை. ஆனால் ஒரு விடுப்புக் கடிதம் எழுதச் சொன்னால் சட்டை நனைந்துவிடும். பதினெட்டு வருடம் பேனா எழுதினார், வெண்கலம் பேசினார். கட்சி இருவரையும் சேர்த்து ஒரே ஆளாகத்தான் நினைத்திருந்தது.

நடுவில் இருப்பவள் தங்கை. தொலைக்காட்சி நிலையத்தில் மேக்கப் போடுகிறவள். அங்கே அவள் 'மேக்கப் அக்கா'. வீட்டில், இந்த நாற்பத்திரண்டு வயதிலும், பாப்பா. அண்ணன் வைத்த பெயர். போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டுவிட்டது.

போன வாரம் என்ன ஆனது? ஆளுங்கட்சியில் இரண்டாம் இடத்தில் இருந்தவர் பத்தொன்பது சட்டமன்ற உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறிப் புதுக்கட்சி தொடங்கினார். வெண்கலமும் போனார். போகிற போக்கில் தட்டச்சு செய்த ஒரு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அதில் ஒரு வரி: 'பதினெட்டு வருடம் நாற்காலி எடுத்துப் போட்டேன். ஒருநாள் அதில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கச் சொன்னார்கள்.'

அவ்வளவுதான், தீப்பற்றிக்கொண்டது. சுவரில் அந்த வரி, வண்டிகளின் முதுகில் அந்த வரி, கல்லூரிப் பிள்ளைகளின் பனியனில் அந்த வரி. புதுக்கட்சிக்குக் கொடி தைத்து வருவதற்கு முன்பே அந்த வரி வந்துவிட்டது. வெண்கலம் ஒரே வாரத்தில் பெரிய மனிதராகிவிட்டார்.

இனி இன்றைய பொழுது.

காலை ஆறரை. அண்ணி மூன்றாவது படியில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். வெண்கலம் கட்சி மாறியதிலிருந்து கீழ்த்தளத்துக்கு வரமாட்டேன் என்பது அவள் சபதம். மூன்றாவது படி கீழ்த்தளம் ஆகாது என்பது அவள் சட்டம். துணி காயப்போட வந்த பாப்பாவுக்கும் ஒரு கோப்பை தயாராக இருந்தது. கோபம் வேறு, தேநீர் வேறு.

"தலைமையில மூணு பேரைப் போட்டிருக்காங்களாம்" என்றாள் அண்ணி.

"எதுக்கு அண்ணி?"

"அந்தக் கடுதாசிய எழுதிக் குடுத்தது யாருன்னு கண்டுபிடிக்க. உன் வீட்டுக்காரர் எழுதலைங்கறது ஊருக்கே தெரியும். அவருக்குக் கால் எது கொம்பு எதுன்னே தெரியாது. கட்சிக்குள்ளயே இருக்கிற எவனோதான் எழுதியிருக்கான்."

"கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிச்சா என்ன, முதல் பக்கத்துல போட்டோவைப் போட்டு, கறுப்புக் கட்டம் கட்டி, துரோகின்னு எழுதுவாங்க. உங்க அண்ணன்தான் அதையும் எழுதணும். பாவம், ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல. எந்தப் பாவி எழுதிக் குடுத்தானோ, அவன் கை விளங்காமப் போக!"

பாப்பாவுக்குத் தேநீர் புரையேறியது.

அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரியும். பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குத் தன் கணவர் எங்கே முற்றுப்புள்ளி வைப்பார் என்று தெரியாதா? அவர் எங்கேயும் வைக்கமாட்டார். அந்தக் கடிதத்தில் முற்றுப்புள்ளிகள் ஆணியடித்தாற்போல் விழுந்திருந்தன. அண்ணன் வைப்பது அப்படித்தான். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

அண்ணி அவள் தலையில் தட்டிக்கொடுத்தாள். "மெதுவா குடி. என்ன அவசரம்?"

மதியம் நிலையத்தில் அன்றைய விருந்தினர் பட்டியல் மேக்கப் அறைக்கு வந்தது. ஏழு மணி, 'நேருக்கு நேர்'. தலைப்பு: 'பத்தொன்பது பேர் போனார்கள், ஆட்சி நிற்குமா?' புதுக்கட்சி சார்பில் வெண்கலம். அது அவளுக்கு முன்பே தெரியும். ஆளுங்கட்சி சார்பில் வழக்கமாக வரும் செய்தித் தொடர்பாளரின் பெயரை அடித்துவிட்டு, அதற்கு மேலே கையால் வேறொரு பெயர் எழுதியிருந்தார்கள்.

அண்ணனின் பெயர்.

பாப்பா அந்தத் தாளை விளக்குக்கு அருகே கொண்டுபோய் மறுபடி படித்தாள். படித்தால் மாறிவிடுமா? அண்ணனுக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. இன்னொரு முறை அழைத்தாள். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த சமையல் நிகழ்ச்சிக்காரிக்கு ஒரு புருவம் தடியாகவும் ஒரு புருவம் மெலிதாகவும் அமைந்துவிட்டது. பரவாயில்லை, அந்தம்மாள் அடுப்பைப் பார்த்துதான் பேசுவாள்.

ஆறு மணிக்குப் பேனா வந்தார். கடனாக வாங்கியது போல் தோள்பட்டை தொங்கும் ஒரு கோட்டு. மேக்கப் நாற்காலியில் பல் பிடுங்க வந்தவர் மாதிரி விளிம்பில் உட்கார்ந்தார்.

பாப்பா கதவைச் சாத்தினாள். காலரைச் சுற்றி டிஷ்யூ தாளைச் செருகினாள். பஞ்சில் பவுடரை எடுத்து நெற்றியில் ஒற்றினாள். ஒற்றிய இடத்திலேயே அது குழைந்தது.

பத்து வருடத் தொழிலில் அவளுக்கு வியர்வையின் வகை தெரியும். விளக்குச் சூட்டில் வருவது நெற்றியில். பொய் சொல்லப்போகிறவனுக்கு மேலுதட்டில். பயந்தவனுக்குக் காதுக்குப் பின்னால், பிடரியில். அண்ணனின் பிடரி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"கண்ணை மூடு அண்ணா."

"பாப்பா..."

"பேசாத. உதடு கோணிக்கும்."

"மாப்ள கையில ஒரு பேப்பர் வச்சிருப்பான்."

"இருக்கட்டும். எல்லாரும்தான் வச்சிருப்பாங்க."

"அது என் கையெழுத்து."

பஞ்சு அப்படியே நின்றது.

பேனா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "காலையில அஞ்சு மணிக்குத் தண்ணி மோட்டார் போடப் பின்பக்கம் போனேன். அவன் நின்னுட்டிருந்தான். 'மச்சான், இன்னிக்கு டிவியில விவாதம், நாலு பாயிண்ட் எழுதிக் குடு'ன்னான்."

"உடனே எழுதிக் குடுத்துட்டியா? அவர் இப்ப எதிர்க்கட்சி அண்ணா!"

"அது தோணவே இல்ல பாப்பா. தொட்டி நிறையறதுக்குள்ள எழுதி முடிச்சுட்டேன். பன்னண்டு மணிக்குத் தலைமையிலேர்ந்து கூப்பிட்டாங்க. 'உங்க மாப்பிள்ளைய நீங்களே கிழிச்சிட்டு வாங்க, அப்பதான் உங்க மேல எங்களுக்கு நம்பிக்கை வரும்'னாங்க. அந்த மூணு பேரும் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க."

"எழுதினது நீதான்னு தெரிஞ்சுதான் அனுப்பியிருக்காங்களா?"

"சந்தேகம்தான். சோதிச்சுப் பாக்கறாங்க. ஸ்டூடியோவில மேலேர்ந்து மேசையக் காட்டற கேமரா ஒண்ணு இருக்குதானே? அதுல அவன் பேப்பர் ஒரு தடவை தெரிஞ்சாப் போதும். பதினெட்டு வருஷமா என் கையெழுத்தப் படிச்சு அச்சுக்கு அனுப்பினவங்க அந்த மூணு பேரும். என் கதை அதோட முடிஞ்சுது."

அப்படியானால் அந்தக் கடிதமும். அவள் அதைக் கேட்டே விட்டாள்.

பேனா இப்போது கண்ணைத் திறந்தார். கண்ணாடியில் தங்கையைப் பார்த்தார். வெட்கமும் ஆசையுமாக ஒரு முகம்.

"நல்லா இருந்துச்சா பாப்பா?"

தலை போகிற நேரத்தில் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். பாப்பாவுக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. எதிரெதிர் விருந்தினர்கள் நிகழ்ச்சிக்கு முன் சந்திக்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி. முன்பே பேசிவிட்டால் சூடு ஆறிவிடுமாம். வெண்கலம் வருவதற்குள் அண்ணனைப் பக்கத்து அறைக்கு அனுப்பியாக வேண்டும்.

"பேப்பரை நான் பாத்துக்கறேன். நீ போய்த் தண்ணி குடி" என்றாள்.

ஆறு இருபத்தைந்துக்கு வெண்கலம் வந்தார். அவர் வருவது மூன்று அறைக்கு முன்பே கேட்டது. வாசல் காவலரோடு ஒரு புகைப்படம், வரவேற்பறைப் பெண்ணோடு ஒரு புகைப்படம். ஒரு வாரப் புகழ் உடம்பில் நன்றாகவே ஒட்டியிருந்தது.

"சீக்கிரம் போடும்மா. எதிர்ல யாரு, அந்த மூக்கால பேசறவரா?"

"உங்க மச்சான்."

"எந்த மச்சான்?"

"எனக்கு எத்தனை அண்ணன் இருக்காங்க?"

வெண்கலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அவனையா? அவனுக்குப் பேச வராதே! கல்யாண வீட்டுல வாங்கன்னு சொல்றதுக்கே மூணு தடவை தொண்டையைக் கனைப்பான். அவனை எதுக்கு அனுப்புனாங்க?"

"உங்களத் திட்டறதுக்கு."

"நான் எப்படிம்மா அவனைத் திட்டுவேன்? திட்டறதுக்குப் பாயிண்ட் குடுத்ததே அவன்தானே!"

"எல்லாம் தெரியும். பேப்பரை எடுங்க."

அவர் நெஞ்சுப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "அது இல்லாம நான் என்னத்தப் பேசுவேன்?"

கேட்டுவிட்டு அவரே கொஞ்சம் கூசினார். மனைவியிடம் கூட ஒரு மனிதன் சட்டென்று ஒத்துக்கொள்கிற விஷயமா அது?

பாப்பா கை நீட்டினாள். நீட்டிய கையை இறக்கவில்லை. அவர் கொடுத்தார். விருந்தினர் பட்டியலைத் திருப்பிப் போட்டு, பவுடர் டப்பாவை நகர்த்திவிட்டு, அவள் தன் கையெழுத்தில் எல்லாவற்றையும் பார்த்து எழுதத் தொடங்கினாள். நாலு பாயிண்ட். பதினோரு நிமிடம் இருந்தது.

பேனாவின் எழுத்துக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. வாக்கியங்களுக்கு நடுவே சாய்வாகக் கோடு போடுவார். ஒரு கோடு என்றால் மூச்சு வாங்கு. இரண்டு கோடு என்றால் நிறுத்து, கைதட்டல் வரும். கைதட்டல் எப்படி வரும்? தானாக வராது. கூட்டத்தில் முதல் வரிசை இடது கோடியில் பேனா உட்கார்ந்திருப்பார். இரண்டு கோடு வந்ததும் முதல் தட்டு அவருடையது. பிறகு மைதானமே தட்டும். பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் தப்பியதில்லை.

பாப்பா அவசரமாக எழுதினாள். எழுத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பதே அவள் நினைப்பு. ஒற்றைக் கோட்டை ஒற்றைக் கோடாக, இரட்டைக் கோட்டை இரட்டைக் கோடாக, ஒன்று விடாமல் இறக்கிவைத்தாள். அண்ணனின் தாளைக் கிழித்து, ஈரப் பஞ்சுகள் கிடந்த கூடைக்கு அடியில் அமுக்கினாள்.

"நீ என்னைக் காப்பாத்திட்டம்மா" என்றார் வெண்கலம்.

"உங்கள இல்ல. அண்ணனை."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவர் சொன்னபோது அவளால் கோபப்பட முடியவில்லை. அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

ஏழு மணி. ஸ்டூடியோவில் குளிரூட்டி உறுமியது. அரைவட்ட மேசையின் நடுவில் நெறியாளர், ஒருபக்கம் பேனா, மறுபக்கம் வெண்கலம். பாப்பா இரண்டாவது கேமராவுக்குப் பின்னால் பவுடர் டப்பாவோடு நின்றாள். இடைவேளையில் தொண்ணூறு விநாடி உள்ளே போய் முகத்தை ஒற்றிவிட்டு வர அவளுக்கு அனுமதி உண்டு. பேச அனுமதி இல்லை. சட்டையில் குத்திய மைக்குகள் இடைவேளையிலும் திறந்தே இருக்கும். கண்ட்ரோல் அறையில் எல்லாருக்கும் கேட்கும்.

"மக்கள் ஓட்டுப் போட்டது உங்க கட்சிக்கு. அதிலேர்ந்து பத்தொன்பது பேர் கழண்டுட்டாங்க. இன்னும் மூணு பேர் போனா ஆட்சியே இல்ல. ஏன் போறாங்க?" நெறியாளர் பேனாவிடம்தான் தொடங்கினார்.

பேனா தொண்டையைக் கனைத்தார். மறுபடி கனைத்தார். பாப்பா கேமராவின் காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் குனிந்து, தன் தாளைப் பார்த்து வாசித்தார்.

"பதினோரு வருஷம் கூடவே இருந்து பதவிய அனுபவிச்சவங்களுக்கு, பன்னண்டாவது வருஷம் திடீர்னு விழிப்பு வந்தா, அது மனசாட்சி இல்ல. அலாரம்."

நெறியாளர் சிரித்துவிட்டார். கேமராக்காரரும் சிரித்தார். பேனாவின் முதுகு ஒரு விரற்கடை நிமிர்ந்தது. எதிரே வெண்கலம் கூட ரசித்துத் தலையாட்டப் போய், சட்டென்று அதை முறைப்பாக மாற்றிக்கொண்டார்.

இருபது நிமிடம் நன்றாகவே போனது. பேனா திக்கினார், ஆனால் விழவில்லை. வெண்கலம் முழங்கினார், ஆனால் எங்கே அடித்தால் அண்ணனுக்கு வலிக்குமோ அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார். மேலேயிருந்து மேசையைக் காட்டும் கேமரா இரண்டு முறை வெண்கலத்தின் தாளைக் காட்டியது. பாப்பாவின் கையெழுத்து திரையில் தெரிந்தது. யார் கண்டார்கள், மூன்று பேர் அதை உற்றுப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். அவளுக்கு உயிர் வந்தது.

மூன்றாவது பாயிண்டுக்கு வெண்கலம் வந்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலை இறக்கினார். நல்ல பேச்சாளன் பெரிய அடி அடிப்பதற்கு முன் குரலை இறக்குவான்.

"உங்க கட்சிக்குள்ள பதினோரு வருஷமா ஒரு தேர்தல் இல்ல. கிளைச் செயலாளர்லேர்ந்து மேல வரைக்கும் எல்லாம் நியமனம். யாரும் நிக்கல, யாரும் ஓட்டுப் போடல, யாரும் எண்ணல. ஊரு முழுக்க ஓட்டுப் பெட்டிய வச்சு எங்களுக்குப் போடுங்கன்னு கேக்கற கட்சி, தன் வீட்டு ஓட்டுப் பெட்டிய எங்க வச்சிருக்கு?" ஒரு மூச்சு. "பரண் மேல!"

நிறுத்தினார். தாளில் இரண்டு கோடு இருந்தது, அதனால் நிறுத்தினார்.

ஸ்டூடியோவில் மைதானம் இல்லை, கூட்டம் இல்லை. குளிரூட்டியின் உறுமல் மட்டும். நெறியாளர் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார்.

டப். டப். டப்.

கைதட்டல்.

பாப்பா முதலில் கண்ட்ரோல் அறையில் யாரோ தட்டுகிறார்கள் என்றே நினைத்தாள். பிறகு பார்த்தாள். பேனா தட்டிக்கொண்டிருந்தார். பாதி மூடிய கண்களோடு, முகம் மலர்ந்து, முதல் வரிசை இடது கோடியில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி, ஆளுங்கட்சியின் பிரதிநிதி ஆளுங்கட்சியைக் கிழித்த பேச்சுக்கு நேரலையில் கைதட்டிக்கொண்டிருந்தார்.

நாலாவது தட்டில் அவருக்கு உறைத்தது. கைகள் நடுவழியில் நின்றன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

அந்த இரண்டு கோட்டை மட்டும் நான் விட்டிருக்கக் கூடாதா! பாப்பாவின் காதில் அதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. எழுத்தை மாற்றத் தெரிந்தவளுக்குக் கோட்டை விடத் தெரியவில்லையே.

நெறியாளரின் கண்கள் மின்னின. இப்படி ஒன்று அவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். "ஒரு சின்ன இடைவேளை. திரும்பி வந்து, இந்தக் கைதட்டல் எதுக்குன்னு கேப்போம்."

தொண்ணூறு விநாடி.

பாப்பா ஓடினாள். அண்ணனின் முகத்தில் பஞ்சை வைத்தாள். காதுக்குப் பின்னால், பிடரியில், எங்கும் ஈரம் இல்லை. முகம் காய்ந்து கிடந்தது. அது அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. ஏதாவது சொல் அண்ணா என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

ஃப்ளோர் மேனேஜர், வாசலில் வாங்கி வைத்திருந்த பேனாவின் கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினார். தலைமையிலிருந்து செய்தி. பாப்பா தோளுக்கு மேலாக அதைப் படித்தாள். 'கேலிக்காகத் தட்டினேன் என்று சொல்லவும். மற்றதை நேரில் பேசுவோம்.'

வழி இருந்தது! அவளுக்கு அந்த மூன்று பேரையும் கும்பிடலாம் போலிருந்தது. ஒரு வார்த்தை, ஆமாம் கேலிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் தப்பினார். நாளைக்குத் தன் மேசையில் உட்காரலாம்.

அடுத்து வெண்கலத்திடம் போனாள். அவர் நெற்றியை ஒற்றும்போது அவர் மேசைக்கு அடியில் அவள் விரலைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அப்படி அழுத்துவார். நான் இருக்கிறேன் என்று அர்த்தம்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

நெறியாளர் வாயைத் திறப்பதற்கு முன் வெண்கலம் முந்திக்கொண்டார். தாளைப் பார்க்கவில்லை. "இதுல பெருசா என்ன இருக்குங்க? அவர் என்னைக் கேலி பண்ணித் தட்டினாரு. 'போதும்டா, உன் நாடகத்தை நிறுத்து'ன்னு தட்டினாரு. எனக்கே அசிங்கமாப் போச்சு. அடுத்த கேள்விக்குப் போங்க."

புகழ் வந்து ஏழு நாள்தான் ஆகிறது. அதைத் தூக்கி மச்சான் காலடியில் போட்டுவிட்டார். பாப்பாவுக்குக் கண் கலங்கியது. இந்த மனிதரை அவள் எத்தனையோ முறை வெறும் வாய் என்று ஏசியிருக்கிறாள். இந்த நிமிடம் அவர்மேல் அவளுக்குப் பொங்கிய பிரியத்துக்கு அளவில்லை.

"அப்படியா சார்?" நெறியாளர் பேனாவின் பக்கம் திரும்பினார். "கேலிக்குத்தான் தட்டினீங்களா?"

ஆமாம்னு சொல்லு. தலையையாவது ஆட்டு. பாப்பாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

பேனா கனைக்கவில்லை.

"இல்ல" என்றார். "கேலி இல்ல. அந்தக் கேள்விய நான் பதினோரு வருஷமாக் கேக்கணும்னு நினைச்சிட்டிருக்கேன். கேக்க எனக்கு வாய் இல்ல. அதனால எழுதினேன். இன்னிக்குத்தான் யாரோ அதை உரக்கக் கேட்டாங்க. நல்லா இருந்துச்சு. தட்டிட்டேன்."

"எழுதினேன்னா?"

"இப்ப அவர் பேசினது. போன வாரக் கடிதம். ரெண்டும் நான் எழுதினதுதான்."

ஒரு இடத்தில் கூடத் திக்கவில்லை. அவர் வாழ்க்கையில் பத்துப் பேர் முன்னால் முழுதாகச் சொல்லி முடித்த முதல் பேச்சு அதுதான்.

பாப்பாவின் பையில் கைப்பேசி அதிரத் தொடங்கியது. எடுத்துப் பார்க்காமலே அண்ணி என்று தெரிந்தது. காலையில் சபித்த கை யாருடையது என்று அவளுக்கு இப்போது தெரிந்திருக்கும்.

நெறியாளர் நாற்காலியை மெல்லத் திருப்பினார். குரலில் வெண்ணெய் வழிந்தது. "உங்க புதுக்கட்சியே அந்த நாற்காலி வரியிலதான் நிக்குது. அது உங்க வரி இல்லன்னு உங்க எதிர்லயே சொல்றாரு. இப்ப என்ன சொல்லப்போறீங்க?"

வெண்கலம் தாளைப் பார்த்தார். அதில் நாலாவது பாயிண்ட் இருந்தது. விலைவாசியைப் பற்றி. இதற்கான பதில் அதில் இல்லை. எழுதிக் கொடுப்பவர் எதிரே உட்கார்ந்து மேசையை வெறித்துக்கொண்டிருந்தார்.

வெண்கலம் தாளை இரண்டாக மடித்து வைத்தார். நெறியாளரைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை.

"மச்சான், நீ எந்திரிச்சு வீட்டுக்குப் போ" என்றார். "மீதிய நான் பேசிக்கறேன்."

பேனா சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றத் தொடங்கினார். கிளிப் லேசில் வரவில்லை. யாரும் உதவிக்குப் போகவில்லை, கேமராக்களும் நகரவில்லை.

மச்சானைக் காப்பாற்றத்தான் அனுப்புகிறாரா, இல்லை மேடையைக் காலி பண்ணச் சொல்கிறாரா? பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தக் குரலில் எது என்று பிடிபடவில்லை. அது யாரும் எழுதிக் கொடுக்காத பேச்சு. தன் கணவர் சொந்தமாக என்ன பேசுவார் என்பது பாப்பாவுக்குத் தெரியாது.